ஊக்குக் குத்திய பக்கங்கள்

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம். ஏரிக்கரையிலிருந்து பாதி நனைந்து ஓடிவந்த யோகேஸ்வரி, ஸ்வெட்டருக்குள் பொத்திக் கொண்டுவந்த நாவலை எடுத்து எங்கள் கடைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தாள். 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது. தடித்த புத்தகம் பொத்தென்று விழலாம், தொப்பென்று விழலாம். டிங் என்று விழுந்து நான் பார்த்ததில்லை.

எடுத்துப் பிரித்தேன். பாதி வரை சமர்த்தாகப் பிரிந்தது. அதற்குமேல் வரமாட்டேன் என்றது. உற்றுப் பார்த்தால், ஏழெட்டுத் தாள்களைச் சேர்த்துப் பிடித்தபடி ஒரு ஊக்கு. சேலைக்குக் குத்துவோமே, அதே ஊக்கு.

"என்ன யோகேஸு இது?"

"அந்தப் பக்கம் எம் பிள்ளைக்கு ஆகாதுங்கக்கா. அதான் குத்தி வச்சுக் குடுத்தேன். மிச்சமெல்லாம் நல்லாருக்கு. நானும் படிச்சாச்சு, அவளும் படிச்சாச்சு."

"படிச்ச பிறகாவது கழத்தியிருக்கலாம்ல?"

"எதுக்குக் கழத்தணும்? அடுத்து எடுக்குற பிள்ளைக்கும் அது ஆகாதுல்ல."

கொடைக்கானல் பிள்ளைகள் அத்தனை பேரையும் ஒற்றை ஊக்கால் காப்பாற்றிவிட்ட திருப்தியோடு, தலையைத் துவட்டிக்கொண்டு அவள் ஏரிக்குத் திரும்பிப் போய்விட்டாள். புத்தம்புதுத் தாளில் ஓட்டை. என் காதில் குத்தியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. உள்ளே சாக்லேட் பாளத்தை வெட்டிக்கொண்டிருந்த எங்கள் வீட்டுக்காரர் மட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

பாதி சாக்லேட், பாதி நாவல்

காட்டுமாடு எங்கள் கடைக்குள் தலையை நீட்டிய கதையைப் போன வாரம் படித்துவிட்டு, "கடையில் புத்தகமும் உண்டா?" என்று சில வாசகர்கள் கேட்டிருந்தார்கள். உண்டு. கடையின் வலது பாதி அவருடைய சாக்லேட். இடது பாதி என்னுடைய வாடகை நூலகம். நடுவில் சுவர் கிடையாது. அதனால் என் புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கோகோ வாசனை உண்டு. அவருடைய சாக்லேட்டுக்குக் காகித வாசனை உண்டா என்று நான் கேட்டதில்லை. கேட்டால் வியாபாரத்துக்கு நல்லதில்லை.

இந்த ஊர்க் குளிருக்குப் புத்தகம் வைத்திருப்பது கைக்குழந்தை வைத்திருப்பதைப் போல. இரண்டு நாள் மேகம் இறங்கினால் அட்டை நெளியும், தாள் பூசணம் பிடிக்கும். அலமாரியின் அடித்தட்டில் ஒரு குண்டு பல்பை எரியவிட்டிருக்கிறேன். கரண்ட் பில் வரும்போது அவர் அந்த பல்பை ஒரு பார்வை பார்ப்பார். நான் அவருடைய ஃப்ரிட்ஜை ஒரு பார்வை பார்ப்பேன். அத்தோடு அந்த மாதம் முடிந்தது.

என் அலமாரியில் முக்கால்வாசி இளையோர் நாவல்கள். பதின்மூன்று வயதிலிருந்து இருபதுக்குள் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. இங்கே கான்வென்ட் பிள்ளைகள் 'ஒய்.ஏ.' என்பார்கள். யாருக்கு எழுதியதாக இருந்தாலும் எடுத்துப் போகிறவர்கள் இரண்டு வகை. ஒன்று, இளையோர். இன்னொன்று, இளையோருக்காக என்று சொல்லிக்கொண்டு எடுப்பவர்கள்.

இரண்டாவது வகைக்குத் தலைவர் எங்கள் மேனேஜர் சார். வங்கியிலிருந்து ஓய்வு பெற்று, முட்டிவலியோடு தினமும் எங்கள் கடைப்படி ஏறுகிறவர். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் "பேத்திக்கு மேடம்" என்பார். பேத்தி இருப்பது கனடாவில். தமிழில் அதற்கு 'தாத்தா', 'போதும்' என்ற இரண்டு வார்த்தைதான் தெரியும் என்று அவரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். ஆனாலும் புத்தகத்தைத் திருப்பித் தரும்போது, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த நாய் செத்துப்போற இடத்துல பேத்தி ரொம்ப அழுதுட்டா மேடம்" என்பார்.

"அப்ப அடுத்தது சிரிக்கிற மாதிரி ஒண்ணு குடுக்கவா சார், உங்க பேத்திக்கு?"

"குடுங்க. பாவம், சின்னப் பிள்ளை."

முகத்தைப் பார்த்துப் புத்தகம்

ஆளின் முகத்தைப் பார்த்தே அவருக்கு என்ன புத்தகம் என்று சொல்லிவிடுவேன் என்பது என் கர்வம். கர்வம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மறைத்து என்ன ஆகப்போகிறது?

பதினாறு வயதுக்காரரிடம் "இது நல்ல புத்தகம்" என்று மறந்தும் சொல்லக்கூடாது. நல்லது என்ற வார்த்தையைக் கேட்டதும் அவர்களுக்குக் கஷாயம் ஞாபகம் வந்துவிடும். கையிலிருந்து பிடுங்கி மேல்தட்டில் வைத்துவிட்டு, "இது உனக்கு இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட வேண்டும். திரும்பி வரும்போது மேல்தட்டு காலியாக இருக்கும்.

பெரியவர்களிடம் வேறு மாதிரி. "சும்மா சின்னப் பசங்க கதைதான், பஸ் வர்ற வரைக்கும் புரட்டுங்க" என்று நீட்டினால் போதும். பஸ் வந்து போய்விடும். ஆள் நகரமாட்டார். நாற்பது வயதுக்காரருக்கு நான் இந்தப் புத்தகங்களைச் சொல்வதற்கு ஒரே காரணம்தான். வீட்டில் கதவைப் படாரென்று சாத்துகிற பிள்ளை ஏன் சாத்துகிறது என்பது நமக்கு மறந்துபோயிருக்கிறது. நாமும் ஒருகாலத்தில் சாத்தியவர்கள்தான். இந்த நாவல்கள் அந்தக் கதவுக்கு உள்பக்கத்திலிருந்து எழுதப்பட்டவை.

சைக்கிள்காரி

யோகேஸ்வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏரியைச் சுற்றி வாடகை சைக்கிள் விடுகிறவர்களில் அவளும் ஒருத்தி. கொடைக்கானலுக்கு வந்து ஏரியைச் சுற்றியவர்கள் அவளைப் பார்த்திருக்காவிட்டாலும் கேட்டிருப்பார்கள். "ஏலே, சிவப்பு சைக்கிளு! டைம் ஆச்சு, வெரசா கொண்டா!" என்று அவள் இந்தக் கரையில் கூப்பிட்டால் அந்தக் கரையில் படகில் இருப்பவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள்.

அவளைப் பெற்றவர்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து இங்கே குடியமர்ந்தவர்கள். இவள் பிறந்தது இங்கேதான். இருந்தாலும் ரொட்டியைப் 'பாண்' என்றுதான் சொல்வாள். பத்தாவது வரை படித்தவள். மகள் அபிநயா கைக்குழந்தையாக இருந்தபோதே புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். அன்றிலிருந்து சைக்கிளும் மகளும்தான்.

அபி எங்கள் நூலகத்தில் சேர்ந்தபோது யோகேஸ்வரி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். எந்தப் புத்தகமானாலும் முதலில் அவள் படிப்பாள். "உப்புப் பாக்காம பிள்ளைக்குச் சோறு போடுவோமா?" என்று கேட்டாள். சைக்கிள் போய்த் திரும்புகிற இடைவெளியில், பிளாஸ்டிக் நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து அவள் படிக்கிற வேகத்தைப் பார்த்தால், வேலை மெனக்கெட்டு வாசகர் வட்டம் நடத்துகிறவர்கள் வெட்கப்பட வேண்டும்.

மூணு ஊக்குப் புத்தகம்

ஊக்கு விஷயம் ஒருத்தியோடு நின்றிருந்தால் நான் பொறுத்திருப்பேன். ஏரிக்கரையில் அம்மாக்கள் கூடுகிற இடத்தில் யோகேஸ்வரி இந்த யோசனையைச் சொல்லியிருக்கிறாள். ஸ்வெட்டர் விற்கிறவள், சோளம் சுடுகிறவள், டியூஷன் விட்டுப் பிள்ளை வரக் காத்திருக்கிறவள் என்று எல்லோருக்கும் அது பிடித்துப்போய்விட்டது. வளையலில் ரெண்டு ஊக்காவது கோத்து வைத்திருக்காத அம்மா உண்டா? அடுத்த சில வாரங்களில் திரும்பி வந்த புத்தகங்களை உலுக்கினால் சலங்கைச் சத்தம் கேட்டது.

பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? நான் பார்த்துப் பார்த்து, முகம் படித்து, மனசு படித்து எடுத்துக் கொடுப்பதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, நேராக வந்து கேட்க ஆரம்பித்தார்கள்.

"ஆன்ட்டி, ஊக்குப் போட்டது ஏதாச்சும் வந்திருக்கா?"

ஊக்கைக் கழற்றி, அந்த ஏழெட்டுப் பக்கத்தை மட்டும் நின்றபடியே படித்துவிட்டு, மறுபடி அதே ஓட்டையில் குத்தி வைத்துவிட்டுப் போவார்கள். மிச்சக் கதை அவர்களுக்கு எதற்கு? எங்கள் வீட்டுக்காரர் இதற்குத் தரச்சான்று வேறு கொடுத்துவிட்டார். "இது சுமார், ஒரு ஊக்கு. அந்தா நீலக்கலர் இருக்கு பாரு, மூணு ஊக்கு. அதை எடு" என்று சாக்லேட் வாங்க வந்தவர்களிடம்கூடச் சொன்னார். இத்தனை வருஷம் நான் செய்த சிபாரிசெல்லாம் ஒரு பெட்டி ஊக்கின் முன்னால் நிற்கவில்லை.

மேனேஜர் சார்கூட ஒருநாள் குரலைத் தாழ்த்தி, "அந்த மாதிரி... பின் போட்டது... பேத்தி கேட்டா" என்றார்.

'ஊக்குக் குத்தாதீர்' என்று ஒரு அட்டை எழுதி மாட்டினேன். அடுத்த வாரம் ஒரு புத்தகம் கொண்டை ஊசியோடு வந்தது. இன்னொன்று துணி காயப்போடுகிற கிளிப்போடு வந்தது. அட்டையை நானே கழற்றிவிட்டேன்.

யார் எதை மூடினார்கள்

சாயந்திரம் கூட்டம் ஓய்ந்ததும் திரும்பி வந்தவற்றிலிருந்து ஊக்குகளைக் கழற்றி, ஓட்டையை நகத்தால் தேய்த்துவிடுவது என் சோலியாகிப் போனது. அப்படியே அந்தப் பக்கங்களில் கண்ணும் ஓடும். ஸ்வெட்டர்காரி முத்தத்தை மூடியிருப்பாள். சோளக்காரி சிகரெட்டை. டியூஷன் அம்மா, பரீட்சையில் ஃபெயிலானவன் கடைசியில் பெரிய ஆளாகிற பக்கத்தை மூடியிருப்பாள். அது அவளுடைய கவலை.

யோகேஸ்வரியின் ஊக்கு மட்டும் எனக்குப் புரியவில்லை. ஒரு நாவலில் மொட்டை மாடியில் ஒரு நீண்ட முத்தம் வரும். அதைத் திறந்தே விட்டிருந்தாள். நான் அவளிடமே கேட்டேன்.

"அது என்னக்கா, இன்னைக்கி இல்லாட்டி நாளைக்கி தானா தெரிஞ்சுக்கப் போறாங்க. நாம மூடி வச்சா நின்னுருமா?" என்றாள்.

பிறகு அவள் மூடியவற்றை வரிசையாகப் பார்த்தேன். ஒன்றில் ஒரு பெண் தகரப்பெட்டியோடு ரயில் ஏறுகிறாள். இன்னொன்றில் ஹாஸ்டலில் முதல் ராத்திரி. வேறொன்றில் ஒரு பையன் வீட்டுக்குக் கையசைத்துவிட்டு லாரியில் தொற்றிக்கொள்கிறான். சண்டை, காதல், சாவு எதையும் அவள் தொடவில்லை. பிள்ளை ஊரைவிட்டுக் கிளம்புகிற பக்கம் எதுவோ அதில் மட்டும் ஊக்கு.

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அபி என்னிடம் ஒன்று சொல்லியிருந்தாள்.

மலையில் பிறந்தவளுக்கு மீன் எதற்கு

அபி அந்த வருஷம் பிளஸ் டூ முடித்திருந்தாள். சைக்கிள் ஸ்டாண்டில் வளர்ந்த பிள்ளை. சின்ன வயதிலிருந்து ஏரியில் தூண்டில் போடுகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த மீன் எப்போது கடிக்கும் என்று அவர்களுக்கே சொல்கிற பிள்ளை. தூத்துக்குடிப் பக்கம் மீன்வளம் பற்றிய படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது.

"அம்மாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன் ஆன்ட்டி. ஆமான்னும் சொல்ல மாட்டேங்குது, இல்லன்னும் சொல்ல மாட்டேங்குது. பேச்செடுத்தாலே பம்ப்பத் தூக்கிட்டு சைக்கிளுக்குக் காத்தடிக்கப் போயிருது. எங்க சைக்கிள் டயரெல்லாம் கல்லு மாதிரி கெடக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை.

"அடுத்த வாரத்துக்குள்ள போயிச் சேரணும் ஆன்ட்டி. இல்லன்னா சீட்டு வேற யாருக்காச்சும் போயிரும். நீங்க ஒரு புக்கு குடுங்க. நான் சொன்னா கேக்காது. நீங்க குடுத்தா அம்மா படிக்கும்."

இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு சிபாரிசை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அழ வைக்கிற புத்தகம் கேட்பார்கள், தூங்க வைக்கிற புத்தகம் கேட்பார்கள். ஒரு அம்மாவின் கையை விட வைக்கிற புத்தகம் எது?

எனக்கு அன்று இருந்த தெம்புக்கு, அதுவும் இருக்கிறது என்று நினைத்தேன். மேல்தட்டிலிருந்து ஒரு நாவலை எடுத்தேன். மலைக்கிராமத்துப் பெண் ஒருத்தி துறைமுக ஊருக்குப் படிக்கப் போய், தடுமாறி, நிமிர்ந்து, கடைசியில் தன் சம்பளத்தில் முதல் சேலை வாங்குகிற கதை. சோகமும் உண்டு, சிரிப்பும் உண்டு, முடிவு சுபம். யோகேஸ்வரி வந்தபோது சாதாரணமாக நீட்டினேன்.

"இது அபிக்கு இல்ல. உனக்கு."

அவள் அட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு போனாள். "நீ மாட்டிக்கிட்டே" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

ஊக்கில்லாமல் வந்தது

ரெண்டு நாளில் புத்தகம் திரும்பி வந்தது. கண்ணாடிப் பெட்டியில் பொத்தென்று விழுந்தது. புரட்டிப் பார்த்தேன். ஒரு ஊக்குக்கூட இல்லை. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். முகத்தில் தெரிந்திருக்கும் போலிருக்கிறது.

"ரொம்பச் சந்தோசப்படாதீங்கக்கா," என்றாள் யோகேஸ்வரி. "ஊக்குக் குத்துறதுன்னா இந்த அட்டைக்கும் அந்த அட்டைக்கும் சேத்துத்தான் குத்தணும். முழுசும் அதுதான இருக்கு."

"புடிக்கலையா?"

"புடிச்சுச்சு. நல்ல பிள்ளை அது. நல்லாருக்கட்டும்." ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஒண்ணு கேக்கவா? அந்தப் பிள்ளை பஸ் ஏறுது. அம்மா ஸ்டாண்டுல நிக்கிறா. அதுக்கப்புறம் அம்மா என்ன ஆனா?"

"கடைசில போன்ல பேசுறாளே. சேலைகூட..."

"அது கடைசி. நாலு வருசம் கழிச்சு. நான் கேக்குறது அன்னைக்கி. பஸ்ஸு போயிருச்சு. திரும்பி நடக்குறா. அன்னைக்கிச் சாயங்காலம் அவ என்ன பண்ணா? அதை ஏன் எழுதல?"

நான் அந்த பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தைத் தேடிப் புரட்டினேன். அடுத்த அத்தியாயம் ஹாஸ்டலில் ஆரம்பித்தது.

"எங்கம்மா அங்க எஸ்டேட்டுல இருந்து கெளம்புறப்ப, தன்னப் பெத்தவகிட்ட, ரெண்டு வருசத்துல வந்து பாக்குறேன்னு சொல்லிட்டுத்தான் கப்பல் ஏறுச்சாம். போகவே முடியல. அந்தம்மா அன்னைக்கி தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பிப் போயி என்ன செஞ்சாங்க, எப்பிடி இருந்தாங்க, எதுவும் எங்கம்மாவுக்குத் தெரியாது. சாகுற வரைக்கும் அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. போனவ கதைதான் எல்லாருக்கும் தெரியும். எங்க வீட்டுலயும் அப்பிடித்தான், உங்க புக்குலயும் அப்பிடித்தான்."

பிறகு எழுந்து நின்று, கடைக்காரியிடம் சாமான் கேட்பது போலக் கேட்டாள்.

"விட்டுட்டு வந்த அம்மா என்ன ஆனான்னு ஒரு புக்கு இருந்தா எடுத்து வைங்கக்கா. அதப் படிச்சிட்டு அபிய அனுப்புறதா வேணாமான்னு சொல்றேன்."

அம்மாக்களைத் தேடி

அன்றிலிருந்து நான் அலமாரியைக் கவிழ்த்துத் தேடினேன். இளையோர் நாவல்களில் அம்மாக்களின் கதி என்ன என்று அப்போதுதான் கவனித்தேன். பாதிப் பேர் முதல் அத்தியாயத்திலேயே செத்துப்போகிறார்கள். மிச்சப் பேர் சாப்பாடு கட்டிக் கொடுத்துவிட்டு, கதவோரம் நின்று கண்ணைத் துடைப்பதோடு காணாமல் போகிறார்கள். ஒருத்தி கொஞ்சம் தேவலை, கடைசிப் பக்கம் வரை இருக்கிறாள். ஆனால் கோமாவில்.

"அம்மாவை ஆரம்பத்துலயே முடிச்சுட்டாத்தான் மேடம் கதை வேகமா நகரும்," என்று விளக்கம் சொன்னார் மேனேஜர் சார். சொன்ன பிறகு அவருக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. "பேத்தி அப்படித்தான் சொல்றா" என்று சேர்த்துக்கொண்டார்.

எங்கள் மகன் வேலைக்கென்று சென்னைக்குப் போன அன்று நான் என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். அவனை பஸ் ஏற்றிவிட்டுக் கடைக்கு வந்து, இந்த அலமாரியில் இருந்த புத்தகம் எல்லாவற்றையும் தரையில் இறக்கினேன். துடைத்தேன். மறுபடி அதே வரிசையில் அடுக்கினேன். வீட்டுக்காரர் அன்று முழுக்கச் சாக்லேட்டில் சர்க்கரை போட மறந்து, ஊரே கசப்புச் சாக்லேட் தின்றது. இதை யார் நாவலாக எழுதுவார்கள்?

அபி தினமும் பள்ளிக்கூடப் பிள்ளை போலக் கடை வாசலில் வந்து நிற்பாள். "கெடச்சிருச்சா ஆன்ட்டி?" என்பாள். அவள் சேர வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இல்லாத புத்தகத்துக்காக ஒரு பெண்ணின் படிப்பு நின்றுகொண்டிருந்தது.

கடைசியில் நானே ஏரிக்குப் போனேன். யோகேஸ்வரி டயரை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யோகேஸு, அப்பிடி ஒரு புத்தகம் எங்கிட்ட இல்ல. எனக்குத் தெரிஞ்சு எங்கயும் இல்ல," என்றேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான் என்று அலமாரி அடுக்கிய கதையைச் சொன்னேன். கசப்புச் சாக்லேட் இடத்தில் சிரித்தாள். சிரித்து முடித்ததும் டயரை விட்டுவிட்டு எழுந்தாள்.

"இத்தன புக்கு எழுதிருக்காங்க. இதுல மட்டும் உப்புப் பாக்க வழியில்ல," என்றாள். "அப்ப நேராப் போயித்தான் பாக்கணும். பாத்துட்டு வந்து சொல்றேங்கக்கா."

மறுநாள் வெள்ளனே அம்மாவும் மகளும் பஸ் ஏறிவிட்டதாகச் சோளக்காரி வந்து சொன்னாள்.

எட்டயபுரம் வரைக்கும்

மூன்றாம் நாள் மத்தியானம் யோகேஸ்வரி நேராகக் கடைக்கு வந்தாள். தோளில் பை. கண் வீங்கியிருந்தது. தலை கலைந்திருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தாள். எங்கள் வீட்டுக்காரர் கேட்காமலேயே ஒரு துண்டு சாக்லேட்டை வைத்துவிட்டு, வேலை இருப்பது போலப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். மேனேஜர் சார் புத்தகம் தேடுவது போல அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஹாஸ்டல்ல விட்டேன். அவ வாளியத் தூக்கிட்டு மாடி ஏறிட்டா. திரும்பிப் பாக்கல. பாக்கலன்னு கோவம் வந்துச்சு. அப்புறம், வாளி கனம், எப்பிடித் திரும்புவான்னு நெனச்சுக்கிட்டேன்."

"அப்புறம்?"

"கடலப் போயிப் பாத்தேன். அம்புட்டுத் தண்ணியா! நம்ம ஏரியெல்லாம் ஒரு குண்டான்தான். மதுரை பஸ் ஏறுனேன். சன்னலோரம். எட்டயபுரம் வரைக்கும் அழுதேன். பக்கத்துல இருந்த பொம்பள தண்ணி குடுத்துச்சு. யாரும் எறந்துட்டாகளான்னு கேட்டுச்சு. பிள்ளை காலேஜ் சேந்திருக்குன்னேன். அந்தம்மா குடுத்த தண்ணிய வாங்கி வச்சுக்கிருச்சு."

சிரிக்கலாமா என்று தெரியாமல் நாங்கள் மூன்று பேரும் நின்றோம். அவளே சிரித்தாள்.

"எட்டயபுரம் தாண்டவும் பசிச்சுச்சுக்கா. அப்பிடி ஒரு பசி. பிள்ளைய விட்டுட்டு வந்து பசிக்குதேன்னு எனக்கே வெக்கமாப் போச்சு. அருப்புக்கோட்டைல எறங்கி புரோட்டா தின்னேன். யாருக்கும் எடுத்து வைக்காம, முழுசையும் நானே தின்னேன். மதுரைல ஒரு சொந்தக்காரக வீட்டுல படுத்தேன். காலைல வத்தலக்குண்டு வந்து பஸ் மாறுனேன். ஏறி வர்றப்ப காது அடைச்சுச்சு. அவ்வளவுதான்."

"அப்புறம்?" இந்த முறை கேட்டது மேனேஜர் சார்.

யோகேஸ்வரி சாக்லேட் தாளை மடித்தாள். இன்னும் சின்னதாக மடித்தாள்.

"அப்புறம் வீட்டுக்குப் போகணும் சார். அதான் பயமா இருக்கு. அதுனாலதான் நேரா இங்க வந்தேன்."

எங்கள் வீட்டுக்காரர் மேனேஜர் சாரைக் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவளுடைய பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"நடம்மா. நாங்களும் வாரோம்."

அவள் குடியிருக்கிற அட்டுவம்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி, சரிவில் ஏறி, அவள் வீட்டு வாசலில் நின்றோம். சாவியை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு அவளே திறந்தாள். உள்ளே போய் லைட்டைப் போட்டாள். அபியின் பாவாடை ஒன்று கொடியில் கிடந்தது. அதை எடுத்து மடித்துக் கட்டிலில் வைத்தாள். அவள் பிறகு அடுக்களைக்குப் போனாள்.

"உக்காருங்க. பால் இல்ல, கட்டச் சாயாதான்," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ஏரிக்கரைக் குரல்.

நாற்காலியில் அவள் போட்டுவிட்டுப் போன போன் அடித்தது. அபி.

"எடுங்கக்கா, கை ஈரமா இருக்கு. வாரேன்னு சொல்லுங்க."

எடுத்தேன். என் குரலைக் கேட்டதும் அந்தப் பக்கம் பயந்துவிட்டது. "ஆன்ட்டி, நீங்க எங்க அங்க? அம்மாவுக்கு என்ன? அழுதுச்சா? சாப்டுச்சா? இப்ப என்ன பண்ணிக்கிட்டு இருக்கு?"

நான் அடுக்களையை எட்டிப் பார்த்தேன். யோகேஸ்வரி சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, நமத்துப்போன தீப்பெட்டியைத் திட்டியபடி குச்சி குச்சியாக உரசிக்கொண்டிருந்தாள். நாலாவதோ ஐந்தாவதோ பற்றிக்கொண்டது.

"டீ போடுறா," என்றேன். "நீ உக்காந்துக்க. நீ வாளியத் தூக்கிட்டு மாடி ஏறுனதுல இருந்து சொல்றேன்."